டீ டாக்டர் சாத்திவிட்டுப் போன கதவு

அவைத் தலைவராக வீற்றிருக்கும் மருத்துவமனை நிர்வாகி அவர்களே! டாக்டர் ஐயாவிடம் தொழில் பழகி, இன்று அவர் பொறுப்பைத் தோளில் ஏற்றிக்கொண்டு நிற்கும் இளைய டாக்டரம்மா அவர்களே! ஐயாவின் துணைவியார், நான் அக்கா என்று அழைக்கும் அம்மையார் அவர்களே! பணி முடிந்து உடை மாற்றக்கூட நேரமில்லாமல் ஓடி வந்திருக்கும் என் சகோதரிகளே! பின்வரிசையில் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! அந்தப் பிள்ளைகளே! அழுகிற பிள்ளை அழட்டும். யாரும் வெளியே தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அந்தச் சத்தம் கேட்காத கூட்டத்தில் ஐயா ஒருநாளும் நிம்மதியாக உட்கார்ந்தவர் அல்லர்.

உங்கள் எல்லோருக்கும் வணக்கம் சொல்ல வேண்டும். சொல்வதற்கு நா எழவில்லை. எப்படியோ சொல்லிவிட்டேன், ஏற்றுக்கொள்ளுங்கள்.

நான் மேடையில் பேசுகிறவள் அல்ல. ஐயா மட்டும் இருந்திருந்தால் இந்நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "பெரியக்கா பேசப் போறாங்களா? அப்ப நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடுறேன்" என்று எழுந்திருப்பார். இன்று அவருக்காக நான் பேசுகிறேன். எழுந்து போக அவர் இல்லை. இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வேன்!

நான் இந்த மருத்துவமனையின் மருத்துவச்சிகள் பிரிவுக்கு மூத்தவள், அதனால் எல்லோருக்கும் பெரியக்கா. அவர் மகப்பேறு மருத்துவப் பிரிவுக்குத் தலைமை டாக்டர். இரண்டு பிரிவுக்கும் நடுவே ஒரே ஒரு தாழ்வாரம். இந்தக் கோடியில் எங்கள் அறைகள்: தாழ்வான கட்டில், சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, தரையில் விரிப்பு, வெந்நீர்த் தொட்டி. அந்தக் கோடியில் அவருடைய வார்டு: உயரமான கட்டில்கள், விட்டுவிட்டுச் சத்தம் போடும் கருவிகள், அதைத் தாண்டி ஆபரேஷன் தியேட்டர். இந்தத் தாழ்வாரத்தின் இரண்டு கோடிகளிலும் நின்றுகொண்டு அவரும் நானும் போட்ட சண்டைக்கு இந்தச் சுவர்கள் சாட்சி. எலியும் பூனையும் தோற்றுப்போகும். அதில் எலி யார், பூனை யார் என்பதிலும் எங்களுக்குச் சண்டை உண்டு.

ஆனால் அந்த நடு அறை இருக்கிறதே, தாழ்வாரத்தின் மத்தியில், மூன்று நாற்காலியும் ஒரு தண்ணீர்க் கூஜாவும் மட்டும் வைத்த அந்தச் சின்ன அறை, அதற்குள் நாங்கள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. அது அவர் வைத்த சட்டம்.

இங்கே இருக்கிற தாய்மார்கள் எல்லோரும் அந்த அறையில் உட்கார்ந்தவர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏழாவது மாதத்தில் ஒரு பெண்ணை அங்கே உட்கார வைப்போம். ஒரு பக்கம் டாக்டர், ஒரு பக்கம் மருத்துவச்சி. பிரசவம் யாரிடம் பார்த்துக்கொள்ளப் போகிறாய் என்று கேட்பதற்காக. கேட்பதற்கு முன்னால் நாங்கள் இருவரும் எங்களால் எது முடியும் என்று சொல்லக் கூடாது! எது முடியாது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். உலகத்தில் எந்தக் கடையிலாவது இப்படி வியாபாரம் உண்டா?

நான் சொல்வேன்: "வலியை மறக்கடிக்கிற ஊசி எங்ககிட்ட இல்லம்மா. வயித்தைத் திறக்க எங்களுக்குத் தெரியாது. குழந்தைக்கு மூச்சுத் திணறுச்சுன்னா தாழ்வாரத்தைத் தாண்டித்தான் தூக்கிட்டுப் போகணும், அதுக்குள்ள போற நேரம் போனதுதான்." அவர் சொல்வார்: "என்னால உன்கூடவே உக்காந்திருக்க முடியாது. எட்டிப் பாப்பேன், போயிடுவேன். ஷிஃப்ட் மாறினா வேற டாக்டர் வருவார். தேவையில்லாத எடத்துலயும் என் கை கொஞ்சம் அவசரப்படும், அது எங்க தொழிலோட புத்தி."

ஒரு தலைமை டாக்டர், கர்ப்பிணிப் பெண்ணின் எதிரே உட்கார்ந்து, என் கை அவசரப்படும் என்று சொல்வாரா? சொன்னாரே! எத்தனை பேரிடம் சொன்னார்!

சொல்லி முடித்ததும் எழுந்துவிடுவார். வெளியே காத்திருக்கும் கணவன், மாமியார், அம்மா, அத்தை, சித்தி, யார் வந்திருந்தாலும் சரி, அத்தனை பேரையும் பார்த்து ஒரே வார்த்தை: "வாங்க, டீ குடிச்சிட்டு வருவோம்." என்னையும் சேர்த்துக் கேன்டீனுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார். அந்தப் பெண் மட்டும் உள்ளே. கதவைச் சாத்திவிட்டுத்தான் வருவோம். அவளாக யோசித்து, அவளாக எழுந்து, அவளாகக் கதவைத் திறந்து வந்து சொன்னால்தான் அது பதில். அதனால்தான் ஊரெல்லாம் அவருக்கு டீ டாக்டர் என்று பெயர். வாசலில் தொங்கும் பலகையில் அவர் படித்த பட்டங்கள் ஒரு முழத்துக்கு இருந்தன. அதை ஒருவர் படித்து நான் பார்த்ததில்லை.

ஒரு மாமியாரை என்னால் மறக்கவே முடியாது. மருமகளிடம் எதைக் கேட்டாலும் மாமியார்தான் பதில் சொல்வார். "அவளுக்கு என்ன தெரியும் டாக்டர்? சின்னப் பொண்ணு. எங்க வீட்டுல எல்லாருமே டாக்டர்கிட்டதான். இவளுக்கும் அப்படியே எழுதிக்கோங்க." ஐயா எழுதவில்லை. டீக்குக் கூட்டிக்கொண்டு போனார். கிளாஸைக் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "உங்களுக்குப் பிரசவம் ஆனப்ப, உங்களை யாராவது கேட்டாங்களாம்மா?"

"என்னையா? கல்யாணத்துக்கே கேக்கலை!"

கேன்டீனே சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் என்ன நினைத்தாரோ, கிளாஸைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. மருமகள் வந்து, "நான் டாக்டர்கிட்டயே பாத்துக்கறேன்" என்றாள். மாமியாருக்குப் பழைய வேகம் வந்துவிட்டது. "பாத்தீங்களா, இதைத்தானே நானும் சொன்னேன்! இதுக்கு எதுக்கு இவ்வளவு நேரம்?" ஐயா சொன்னார்: "நீங்க சொன்னது வேறம்மா. அவ சொன்னது வேற."

அன்று எனக்குக் கோபம்தான். ஒரு கேஸ் கை நழுவிப் போனதே என்று மனதுக்குள் பொருமினேன். ஆனால் அந்த வார்த்தை என் காதைவிட்டுப் போகவே இல்லை.

அதற்காக அவரை இளகிய மனசுக்காரர், யார் எதைக் கேட்டாலும் சரி என்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே வந்திருக்கிறாள் ஒரு தையல்காரத் தங்கை. ரத்த அழுத்தம் ஏறிக் கால் வீங்கி வந்தவள், மருத்துவச்சியிடம்தான் பிரசவம் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஐயா நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. "இன்னைக்கு டீ இல்லம்மா. நீ எங்க வார்டுலதான்" என்றார். அவள் வெடித்தாள்: "அப்புறம் என்னத்துக்குக் கூப்பிட்டு உக்கார வெச்சீங்க? நாடகமா?" அவர் சொன்னார்: "நாடகம் வேண்டாம்னுதான் சொல்லிட்டேன். வழி ஒண்ணுதான் இருக்கறப்ப ரெண்டு இருக்கற மாதிரி கேக்கறதுதான் நாடகம். வேற ஒண்ணு கேக்கறேன், அதுக்கு நிஜமாவே உன் பதில் வேணும். உன் தலைமாட்டுல யார் இருக்கணும்?"

அவள் என் பக்கம் கையைக் காட்டினாள். பிரசவம் முடியும்வரை அந்தக் கருவிகளுக்கு நடுவே, அவர் வார்டில், அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். மருத்துவச்சி டாக்டர்கள் வார்டில் உட்காருவதா என்று புருவம் தூக்கியவர்கள் உண்டு. ஐயா எனக்கு ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் என் மனம் ஆறாது.

ஒரு பள்ளிக்கூட ஆசிரியை எங்களிடம் பிரசவம் என்று முடிவு செய்து வந்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று குழந்தையின் இதயத் துடிப்பு இறங்க ஆரம்பித்தது. இறங்கியது ஏறவில்லை. நான் ஆள் அனுப்புவதற்குள் ஐயா தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தார். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறோம். ஓடுகிற ஓட்டத்தில் அந்த மனிதர் குனிந்து டீச்சரின் காதருகே கேட்கிறார்: "டீச்சர், குழந்தைக்கு ஆபத்து. ஆபரேஷன் பண்ணணும். உள்ள போகலாமா?"

"கேக்கற நேரமா இது!" என்று கத்தினேன். தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஓட்டத்தையும் நிறுத்தவில்லை, அந்த முகத்தைவிட்டுக் கண்ணையும் எடுக்கவில்லை. டீச்சர் தலையை ஆட்டினார். தியேட்டர் கதவு மூடியது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

பிறகு ஒருநாள் தடுப்பூசிக்கு வந்தபோது அந்த டீச்சர் என்னிடம் சொன்னார்: "முதல்ல ரொம்ப அழுதேன் அக்கா. உங்ககிட்டயே முடியும்னு நெனச்சிருந்தேன், தோத்துட்டேன்னு தோணுச்சு. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். அன்னைக்கு அவர் கேக்காம தூக்கிட்டுப் போயிருந்தா, என்னை என்னவோ பண்ணிட்டாங்கன்னு காலமெல்லாம் நெனச்சிருப்பேன். நான் தலையாட்டினேன். அதனால அந்த ஆபரேஷன் நான் பண்ணிக்கிட்டது."

தோழர்களே! மருத்துவச்சியா, டாக்டரா என்று ஊரில் பட்டிமன்றம் நடக்கிறது. இயற்கையா, கத்தியா என்று கேட்கிறார்கள். ஐயாவுக்கு அந்தப் பட்டிமன்றத்தில் எந்த அணியிலும் இடமில்லை. அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான். அவளைக் கேட்டீர்களா? அவளைக் கேட்டீர்களா? அவளைக் கேட்டீர்களா?

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது? அக்காவிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். அக்கா தன் மகளை வயிற்றில் சுமந்தபோது ஐயா இளம் டாக்டர். துணைவிக்கு எந்த அறை, எந்த டாக்டர், எந்த நாள் என்று எல்லாவற்றையும் அவரே ஏற்பாடு செய்தார். ஒரு குறை இல்லை. குழந்தையைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது பாத்தியா?" என்று பெருமையாகக் கேட்டார். அக்கா சொன்ன பதில் இது: "நல்லபடியாத்தான் முடிஞ்சுது. ஆனா என்னை ஒரு வார்த்தை கேக்கலையே."

கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம். தண்ணீர் வேண்டும் என்று கேட்பதுபோலச் சொன்னாராம். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஐயா ஆயுள் முழுக்க டீ வாங்கிக் கொடுத்தார்.

அன்று துணியில் சுற்றிக் கொடுத்த குழந்தை இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. நிறைமாதமாக உட்கார்ந்திருக்கிறது. கண்ணு, நீ எழுந்திருக்காதே. உட்கார்ந்தே இரு.

ஏழாவது மாதத்தில் வர முடியாமல் போனதால், போன மாதக் கடைசியில்தான் இவளையும் அந்த நடு அறையில் உட்கார வைத்தோம். இளைய டாக்டரம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இவள் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொல்லுங்கப்பா. ஊர்ல இருக்கற எல்லாருக்கும் பிரசவம் பாத்தீங்க. எனக்கு எதுன்னு சொல்லக் கூடாதா?"

"நான் இப்ப டாக்டர் இல்லடா. சொந்தக்காரன். சொந்தக்காரங்க எல்லாம் வெளிய!" என்று சொல்லிச் சட்டையை விடுவித்துக்கொண்டு வந்தார்.

அன்றைக்குத்தான் அந்த மனிதர் டீ குடிக்க முடியாமல் தவித்ததைப் பார்த்தேன். கிளாஸில் ஆடை படிந்துவிட்டது. "உங்களால முடியாததை எல்லாம் ஒழுங்கா சொன்னீங்களா?" என்று என்னைக் கேட்கிறார். "எனக்கே பாடம் எடுக்கறீங்களா? பேசாம டீயைக் குடிங்க" என்றேன். கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை காலம் எத்தனை கணவன்மாரை, எத்தனை அம்மாக்களை இந்த பெஞ்சில் இப்படித் தவிக்கவிட்டிருக்கிறார்! எனக்குச் சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது.

அந்த இரக்கத்தில்தான் கேட்டேன். மாப்பிள்ளை போனில் பேசிக்கொண்டிருந்தார், அக்கா கை கழுவப் போயிருந்தார். "உங்க மனசுல எந்தப் பக்கம்? எனக்கு மட்டும் சொல்லுங்க."

சொன்னார்.

ஆமாம், சொன்னார். சொன்ன மாத்திரத்தில் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயய்யோ, வாயைக் கிளறிட்டீங்களே. இது அவ காதுக்குப் போயிடக் கூடாது. போச்சுன்னா அவ பதில் சொல்ல மாட்டா, என் பதிலைத்தான் சொல்லுவா. இது உங்களோட இருக்கட்டும் பெரியக்கா."

அப்போது கதவு திறந்தது. இவள் வந்து, "அப்பா, எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும்" என்றாள். அவர் முகத்தில் வந்த மலர்ச்சியை என்ன சொல்வேன்! "எடுத்துக்கோ, எடுத்துக்கோ. டீ எங்க போகப் போவுது?" என்றார்.

டீ எங்கேயும் போகவில்லை ஐயா. நீங்கள் போய்விட்டீர்களே!

அதற்குச் சில நாள் கழித்து, ஒரு காலையில் வார்டுக்கு ஏறிவந்த மாடிப்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்தக் கோடியிலிருந்து டாக்டர்கள் ஓடி வந்தார்கள். இந்தக் கோடியிலிருந்து நாங்கள் ஓடினோம். என்னென்ன தெரியுமோ அத்தனையும் செய்தோம். வருகிறவர்களை வாங்கப் பழகிய கைகள் இவை. போகிறவரைப் பிடித்து நிறுத்த இந்தக் கைகளுக்குத் தெரியவில்லையே!

அதற்குப் பிறகு நடப்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும். வரட்டும். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் இந்தப் பெண்ணுக்கு யோசனை சொல்கிறார்கள். "டாக்டர் பொண்ணு டாக்டர்கிட்டதானே பாக்கணும், அதானே அப்பாவுக்கு மரியாதை" என்கிறார்கள் சிலர். என் பிரிவிலேயே சிலர், "ஐயா மனசெல்லாம் நம்ம பக்கம்தாம்மா" என்று காதில் ஓதுகிறார்கள். நிர்வாகி அவர்கள்கூட, நல்ல எண்ணத்தில்தான், அப்பாவின் கடைசி ஆசை என்று ஏதோ ஆரம்பித்தார். அவரவருக்கு ஒரு டீ டாக்டர்! இருந்தபோது ஒரு பதிலும் சொல்லாத மனிதர், இறந்தபிறகு ஆளுக்கு ஒரு பதில் சொல்கிறாரா? நேற்று இவளே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அப்பா உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா அத்தை? அப்பா சொன்னதையே செஞ்சிடறேன். அவருக்காக அது ஒண்ணாவது செய்யறேன்."

நாக்கு நுனிவரை வந்தது. பெற்ற அப்பாவை இழந்த பெண் கேட்கிறாள். ஒரு வார்த்தை சொன்னால் அவள் மனம் ஆறும். என் மனமும் ஆறும். சொல்லக் கூடாதா என்று இரவெல்லாம் நெஞ்சு அடித்துக்கொண்டது.

கண்ணு! இத்தனை பேர் முன்னிலையில் உனக்கு நான் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன் குழந்தை பிறந்து, நீ அதைக் கையில் வாங்கி, அது பசியாறித் தூங்கிய பிறகு, உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உன் அப்பா என்னிடம் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் சொல்வேன். அதற்கு முன்னால் என் வாயிலிருந்து அது வராது. நீ அழுதாலும் வராது. நீ சொல்வது அவர் நினைத்ததாகவே இருக்கலாம். இல்லாமலும் போகலாம். இருந்தாலும்கூட, அவர் சொன்னது வேறம்மா, நீ சொல்வது வேறு.

இதுதான் நான் அவருக்குச் செலுத்தும் அஞ்சலி. அந்த நடு அறை இருக்கும். மூன்று நாற்காலி இருக்கும். இளைய டாக்டரம்மாவும் நானும், எனக்குப் பிறகு என் சகோதரிகளும், எங்களால் முடியாததை முதலில் சொல்வோம். சொல்லிவிட்டு வெளியே போவோம்.

அடுத்து ஒரு நிமிடம் மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. அதை இங்கே வேண்டாம், வெளியே செலுத்துவோம் என்று கேட்டுக்கொள்கிறேன். கேன்டீன்காரர் தாழ்வாரத்தில் டீயோடு நிற்கிறார். நான்தான் சொல்லி வைத்தேன். நிர்வாகி அவர்களே, முதலில் நீங்கள் இறங்குங்கள். மாப்பிள்ளை, போனைப் பையில் வைத்துக்கொண்டு நீங்களும் வாருங்கள். அக்கா, கையைக் கொடுங்கள், படி பார்த்து. பின்வரிசைத் தாய்மார்கள் பிள்ளைகளோடு மெதுவாக வாருங்கள்.

கண்ணு, நீ மட்டும் இங்கேயே இரு. தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது. பதில் இன்றைக்கே வர வேண்டும் என்பதில்லை, வெறுமனே கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தாலும் சரி. கடைசியாக வருகிறவள் நான், கதவைச் சாத்திவிட்டு வருகிறேன். திறக்கிற கைப்பிடி உன் பக்கம்.

வாருங்கள் எல்லோரும், டீ குடித்துவிட்டு வருவோம். அவள் வாய் திறக்கும்வரை யாரும் பேச வேண்டாம். நம் டாக்டர் ஐயாவுக்கு நாம் செலுத்தும் மௌனம் அதுதான்.